கலை, விளையாட்டு மேலாண்மைப் படிப்பு: முகவரிடம் முன்பணம் கட்டலாமா?

கேள்வி: என் மகன் பதினோராம் வகுப்பில் படிக்கிறான். கிரிக்கெட் போட்டிகளையும் இசை நிகழ்ச்சிகளையும் நடத்தும் வேலைக்குத்தான் போவேன் என்கிறான். இதற்கென்றே வணிக மேலாண்மையில் மூன்றாண்டு 'சர்வதேச டிப்ளோமா' வழங்கும் தனியார் கல்லூரி டர்பனில் இருப்பதாக ஒரு முகவர் சொல்கிறார். இப்போதே முன்பணம் கட்டினால் இடமும் வேலையும் உறுதியாம். கட்டலாமா? (ஒரு தாய், சாட்ஸ்வர்த், தென்னாப்பிரிக்கா)

பதில்: கட்ட வேண்டாம், அம்மா. உங்கள் மகனின் விருப்பத்தில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் அந்த விருப்பத்துக்கு வழி அந்த முகவரின் கைப்பையில் இல்லை.

முதலில் அவன் பள்ளியில் எடுத்திருப்பது கணிதமா, 'மேத்ஸ் லிட்' எனப்படும் எளிய நடைமுறைக் கணக்குப் பாடமா என்று பாருங்கள். அரசுப் பல்கலைக்கழகங்களின் பி.காம். பட்டப்படிப்புக்குப் பெரும்பாலும் கணிதம்தான் கேட்கிறார்கள். மேத்ஸ் லிட்டில் எண்பது விழுக்காடு வாங்கினாலும் பல இடங்களில் அந்தக் கதவு திறக்காது. மேட்ரிக் ஆண்டான பன்னிரண்டாம் வகுப்பில் மேத்ஸ் லிட்டிலிருந்து கணிதத்துக்கு மாறுவது நடைமுறையில் நடவாத காரியம். பெரும்பாலான முகவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை, ஏனெனில் அவர்கள் விற்கும் படிப்புக்கு எந்த மதிப்பெண்ணும் தேவையில்லை.

கணிதம் இருந்தால், க்வாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்திலோ வேறு அரசுப் பல்கலைக்கழகத்திலோ பொதுவான பி.காம். படிக்கட்டும் என்பதே என் பரிந்துரை. விளையாட்டு மேலாண்மையைத் தனிப் படிப்பாகக் கேப் தீபகற்பத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்றவை வழங்குகின்றன; கலைத்துறை மேலாண்மையை முதுநிலையில் ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். நிகழ்ச்சி நடத்துபவனுக்கு அன்றாடம் தேவைப்படுவது ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொள்வது, வரவு செலவைக் கணக்கிடுவது, பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சேர வேண்டிய உரிமத்தொகையைச் சாம்ரோ போன்ற அமைப்புகளிடம் செலுத்துவது ஆகியவைதான். இவற்றுக்கெல்லாம் அடிப்படை கணக்கியலும் வணிகச் சட்டமும். கூட்டத்தின் பாதுகாப்பு இன்னொரு பெரும் பொறுப்பு. 2001 ஏப்ரலில் ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க் மைதானத்தில் 43 பேர் நெரிசலில் இறந்தார்கள். அதன் தொடர்ச்சியாக வந்ததே 2010-ஆம் ஆண்டின் நிகழ்ச்சிப் பாதுகாப்புச் சட்டம். எல்லிஸ் பார்க் நெரிசலுக்கு முந்தைய ஆண்டு, 2000-இல், நம் சாட்ஸ்வர்த் இரவு விடுதியில் 13 பிள்ளைகள் இறந்ததை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. 'சர்வதேச' என்று பெயரிட்ட ஒரு பாடத்திட்டம் நம் நாட்டின் இந்தச் சட்டத்தைக் கற்றுத்தரும் என்று எதிர்பார்க்க முடியாது.

அடுத்து, மூன்றாண்டு டிப்ளோமாவும் மூன்றாண்டுப் பட்டமும் ஒன்றல்ல. காலம் ஒன்றுதான், ஆனால் நம் நாட்டுத் தகுதிச் சட்டகத்தில் டிப்ளோமா ஆறாம் படி, இளநிலைப் பட்டம் ஏழாம் படி. டிப்ளோமா முடித்தவன் மேற்படிப்புக்குப் போக வேண்டுமானால் இன்னும் ஓராண்டு உயர் டிப்ளோமா படித்தாக வேண்டும். பணம் வாங்கும்போது இதை எவரும் சொல்வதில்லை.

தனியார் கல்லூரிகள் எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். முறையாகப் பதிவு பெற்று நன்றாக நடப்பவை இருக்கின்றன; 'தற்காலிகப் பதிவு' என்று எழுதியிருந்தாலும் அது சட்டப்படி செல்லும். ஆனால் கல்லூரி பதிவு பெற்றிருந்தால் மட்டும் போதாது. உயர்கல்வி மற்றும் பயிற்சித் துறை கொடுக்கும் பதிவுச் சான்றிதழில், எந்தப் படிப்பு, எந்த இடத்தில் நடத்தப்பட அனுமதி என்று தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். ஜோகன்னஸ்பர்க் கிளைக்கு அனுமதி பெற்ற படிப்பை டர்பனில் நடத்தினால் அந்தச் சான்றிதழ் உங்களுக்குப் பயன்படாது. கணக்கியல் படிப்புக்குப் பதிவு பெற்ற கல்லூரி, பதிவே இல்லாத நிகழ்ச்சி மேலாண்மைப் படிப்பை அதே கட்டடத்தில் விற்றாலும் அப்படித்தான். பட்டத்தை வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் வழங்குகிறது என்று சொன்னாலும், இங்கே வகுப்பு நடத்த இங்கே பதிவு வேண்டும். ஆகவே படிப்பின் பெயர், நடக்கும் இடம், தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையமான சாக்கா அமைப்பின் தகுதி எண் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். தரத் தயங்குகிறவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

வேலை உறுதி என்பதைக் காதில் போட்டுக்கொள்ளவே வேண்டாம். கால்பந்து வீரர்களின் முகவராக ஆக்குவோம் என்றும் சிலர் சொல்கிறார்கள். அந்த உரிமத்தை 2023 முதல் ஃபிஃபாவே தேர்வு வைத்துக் கொடுக்கிறது, எந்தக் கல்லூரியும் கொடுக்க முடியாது.

பணத்தைப் பொறுத்தவரை, அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்ஸ்ஃபாஸ் உதவி அரசுப் பல்கலைக்கழகங்களிலும் அரசுத் தொழிற்கல்லூரிகளிலும் படிப்பவர்களுக்கு மட்டுமே. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 350,000 ராண்டுக்குள் இருக்க வேண்டும். 2018-இல் வைத்த வரம்பு அது. கட்டணம் ஆண்டுதோறும் ஏறுகிறது, வரம்பு அசையவில்லை. ஓர் ஆசிரியையும் ஒரு தாதியும் சம்பாதிக்கும் வீடு பணக்கார வீடாகிவிடுகிறது. இந்த அலட்சியம்தான் முகவர்களுக்கு வாடிக்கையாளர்களைத் தேடித் தருகிறது என்பதை அதிகாரிகள் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

நம் மாகாணத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு டர்பனில் உள்ள சி.ஏ.ஓ. எனப்படும் மைய விண்ணப்ப அலுவலகம் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில், வழக்கமாகச் செப்டம்பர் இறுதிக்குள், உங்கள் மகனே அந்தப் படிவத்தை நிரப்பிவிடலாம். அதற்காக எவருக்கும் கூலி தர வேண்டாம். அதுவரை கோயில் காவடி விழாக் குழுவிலோ உள்ளூர்க் கால்பந்துச் சங்கத்திலோ வரவு செலவு எழுதும் பொறுப்பை அவன் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

ஒருவேளை முகவர் தாமாகவே உங்களைத் தேடி வந்து பேசி, நீங்கள் ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டிருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஐந்து வேலை நாட்களுக்குள் காரணம் எதுவும் சொல்லாமலே ரத்து செய்யலாம். ரத்துக் கடிதத்தை எழுத்திலேயே அனுப்பி, அனுப்பியதற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள்.