சோலைன்னா சரியா என்ன அர்த்தம்? காடு, தோப்புன்னு வர்ற இடத்துல எல்லாம் சோலைன்னு போடலாமா?

போட முடியாதுங்க. மரம் அடர்ந்து, நிழலும் குளிர்ச்சியுமா இருக்கற இடம்தான் சோலை.

தோப்பு மனுஷன் வச்சது, பெரும்பாலும் ஒரே ஜாதி மரம், மாந்தோப்பு, புளியந்தோப்புன்னு மரத்து பேரு முன்னாடி ஒட்டிக்கும். காடு ரொம்பப் பெரிய வார்த்தை, அதுல மரமே இல்லாமயும் இருக்கலாம், கொங்குப் பக்கமும் கரிசல் பக்கமும் "அப்பா காட்டுக்குப் போயிருக்காரு"ன்னா மானாவாரி வெள்ளாமை நிலத்துக்குப் போயிருக்காருன்னு அர்த்தம், பருத்திக்காடு, சோளக்காடு எல்லாம் அப்படித்தான். சோலைக்கு அந்த இடமே கிடையாது, நிழல் இல்லாட்டி அது சோலை இல்ல. மணல் நடுவுல தண்ணி ஊறி நாலு ஈச்சமரம் நிக்கற இடத்தை பாலைவனச் சோலைங்கறோமே, பாலைவனக் காடுன்னு யாராவது சொல்றோமா?

பூஞ்சோலை, பசுஞ்சோலைன்னே கேட்டுப் பழகி, இது பாட்டுக்கு மட்டும் ஆகற வார்த்தைன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, எனக்கு அதுல உடன்பாடே இல்ல. அழகர்மலைல திருமாலிருஞ்சோலை, பழமுதிர்சோலைன்னு ஊர்ப்பேராவே நிக்குது. நீலகிரி, பழனிமலை, ஆனைமலை உச்சில இன்னைக்கும் இது ஒரு குறிப்பிட்ட வகைக் காட்டோட பேரு. சுத்தி முழுக்க புல்வெளி, மலை மடிப்புல மட்டும் திட்டுத்திட்டா மரக்கூட்டம். மரம் ரொம்ப உயரம் போகாது, தலை குடை மாதிரி ஒண்ணோட ஒண்ணு நெருங்கி மூடிக்கும், கிளை பூரா பாசி, கொழுந்து விடறப்போ செக்கச்செவேல்னு இருக்கும், உள்ள கால் வச்சா பகல்லயே மங்கலாத்தான் தெரியும். இந்த வகைக் காட்டுக்கு வேற பேரு தேடாம ஆராய்ச்சி பண்றவங்க இங்கிலீஷ்லயும் ஷோலான்னேதான் எழுதறாங்க.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். மலைல அந்தப் புல்வெளியைப் பார்த்து "சும்மா காலியா கிடக்குதே, மரம் நட்டா சோலையாகிடும்"னு நினைக்கறது பெரிய தப்பு. வெள்ளைக்காரன் காலத்துல இருந்து அப்படி நினைச்சுத்தான் சீகையும் (வாட்டில்னு சொல்ற வெளிநாட்டு மரம், தலைக்குத் தேய்க்கற சீயக்காய் இல்ல) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) ஏக்கர் கணக்குல வச்சாங்க, சீகை இப்போ தானாவே பரவி புல்லை அழிச்சுக்கிட்டு இருக்கு. வரையாடு மேயறது அந்தப் புல்லுலதான், குறிஞ்சி பூக்கறதும் அங்கதான். மழைத்தண்ணியைப் பிடிச்சு வச்சு கொஞ்சம் கொஞ்சமா ஓடைல விடறது புல்லும் சோலையும் சேர்ந்து செய்யற வேலை. அதனால நட்டு வச்ச சீகைக்காட்டைப் பத்தி எழுதறப்போ தயவுசெஞ்சு சோலைன்னு போட்டுடாதீங்க.