கதை எழுதுகிற கை வக்கீல் தொழிலுக்கு ஆகாதா?

"எனக்குக் கதை எழுதப் பிடிக்கும். வீட்டில் சட்டம் படிக்கச் சொல்கிறார்கள். வக்கீல் வேலையில் கற்பனைக்கு இடம் உண்டா, இல்லை, படிவத்தை நிரப்பும் வேலைதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு ஐந்தாண்டுப் படிப்புக்கு விண்ணப்பம் போடலாமா வேண்டாமா என்று நிற்கிறீர்கள் என எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் ஒரு வக்கீல் இருக்கவும் கூடும். இல்லாவிட்டால் 'படிவத்தை நிரப்பும் வேலை' என்று இவ்வளவு குறிபார்த்து அடித்திருக்க மாட்டீர்கள்.

நான் பழைய தென்னார்க்காட்டுப் பக்கம் முன்சீப் கோர்ட்டில் சிவில் வழக்கு நடத்துகிறவள். வாய்க்கால், வரப்பு, பாதை, பாகப்பிரிவினை, இவைதான் என் உலகம். கம்பெனி வழக்கு நடத்தும் சென்னைக்காரர்கள் 'எங்கள் பக்கம் அப்படி இல்லை' என்று சண்டைக்கு வர வேண்டாம். உங்கள் பக்கத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

எங்கள் பிராதுகளில், அதாவது வழக்குத் தொடுக்க வாதி கோர்ட்டில் கொடுக்கும் மனுக்களில், வழிவழியாக வரும் வாக்கியம் ஒன்று உண்டு: 'வாதியும் அவரது முன்னோர்களும் நினைவுக்கெட்டாத காலம்தொட்டு, பகிரங்கமாகவும், இடையூறின்றியும், உரிமையுடனும் மேற்படி பாதையை அனுபவித்து வருகின்றனர்.' அடுத்தவர் நிலத்தில் பாதை போன்ற அனுபவ உரிமைகளைப் பற்றிய 1882ஆம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டத்தின் 15ஆம் பிரிவு என்ன கேட்கிறதோ அதையே திருப்பி ஒப்பிக்கும் வாக்கியம் இது. எந்தப் பாதை வழக்கை எடுத்தாலும் இருக்கும். எல்லாவற்றிலும் இருப்பதால் எந்த நீதிபதியின் கண்ணும் அதில் நிற்பதில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மூதாட்டி வந்தார். நிலம் உள்ளே இருக்கிறது. தார் ரோட்டிலிருந்து அதற்குப் போகும் வண்டிப்பாதையைப் பக்கத்து நிலத்துக்காரர் உழுது, கம்பி வேலியும் போட்டுவிட்டார். அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே ஒருவர் நோட்டீஸ் கொடுத்திருந்தார். அதில் மேற்படி வாக்கியம் அட்சரம் பிசகாமல் இருந்தது. அதைத் தவிர எதுவும் இல்லை.

அவரைப் பேசவிட்டேன். வழக்குக்குச் சம்பந்தமே இல்லை என்று என் குமாஸ்தா நெளிந்துகொண்டிருந்தார். "என் மாமியார் பாடை போனதே அந்த வழியில்தான், வக்கீலம்மா" என்றார் அந்த அம்மா. மல்லாட்டை மூட்டை ஏற்றிய டயர் வண்டி அந்தப் பாதையில் கவிழ்ந்து அவர் கணவர் கால் ஒடிந்ததைச் சொன்னார். போகிற போக்கில், 1998இல் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போட்ட கதையையும் சொன்னார். போர் வண்டி என்றால் லாரி. அது வரப்பில் நடந்து வராது, வானத்திலிருந்தும் இறங்காது. "ரசீது இருக்கிறதா?" என்றேன். இருந்தது. இந்த மனிதர்கள் ரேஷன் கார்டைத் தொலைப்பார்கள், போர் போட்ட ரசீதைத் தொலைக்க மாட்டார்கள்.

15ஆம் பிரிவுக்கு இருபது வருஷ அனுபவம் வேண்டும். அந்த இருபது வருஷமும் வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு வருஷத்துக்குள் வந்து முடிய வேண்டும். ஆகவே 'நினைவுக்கெட்டாத காலம்' என்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு, நினைவுக்கு எட்டிய காலத்தை எழுதினேன். எந்தப் பருவத்தில் எருவண்டி போனது, எந்தப் பருவத்தில் கரும்பு லோடு வெளியே வந்தது, போர் லாரி வந்தது எந்த வருஷம், சாவு ஊர்வலம் போனது எந்த வருஷம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டோ ஒரு சாட்சியோ இருந்தது.

அடுத்து, பிராதின் வரிசையை மாற்றினேன். வழக்கமாகச் சொத்து வாதிக்கு எப்படி வந்தது என்ற வம்ச வரலாற்றில்தான் ஆரம்பிப்போம். நான் தார் ரோட்டில் ஆரம்பித்தேன். புளியமரம், அதைத் தாண்டிச் சிமெண்ட் குழாய் பதித்த இடம், பிறகு வேலி, அதற்கப்பால் வாதியின் கிணறு என்று நடந்து போகிறவர் கண்ணில் படும் முறையிலேயே பத்திகள். கூடவே வைத்த வரைபடத்திலும் அதே வரிசை. இடத்தைப் பார்த்து அறிக்கை தரக் கோர்ட் அனுப்பும் வக்கீலான அட்வகேட் கமிஷனர் ஸ்தலத்துக்குப் போனால் பிராதைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாலே போதும். அப்படித்தான் நடந்தார். புளியமரமும் குழாயும் அவர் அறிக்கையில் அதே வரிசையில் வந்தன.

மூன்றாவது விஷயத்தைக் கற்பனை என்பதா, குறும்பு என்பதா, தெரியவில்லை. பிரதிவாதியின் அப்பா அந்த நிலத்தை வாங்கிய கிரயப் பத்திரத்துக்கு நகல் மனு போட்டேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒன்றாம் புத்தகத்தில் பதிவான பத்திரத்துக்கு யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி நகல் வாங்கலாம். பாதி வக்கீல்கள் தங்கள் கட்சிக்காரரின் பத்திரத்தோடு நின்றுவிடுகிறார்கள். வந்த நகலின் செக்குபந்தியில், அதாவது நான்கு எல்லைகளைச் சொல்லும் பகுதியில், 'கிழமேல் வண்டிப்பாதைக்குத் தெற்கு' என்று இருந்தது. பாதையே கிடையாது என்று எதிருரையில் சொன்னவர், இல்லாத பாதையை எல்லையாகக் காட்டிய பத்திரத்தின் பேரில்தான் அந்த நிலத்தையே அனுபவிக்கிறார்! எவரோ மூன்றாம் மனிதர் பத்திரத்தில் எழுதிய எல்லைக்குக் கோர்ட்டில் பெரிய மதிப்பில்லை. எதிராளி தன் உரிமைக்கே ஆதாரமாகக் காட்டும் பத்திரம் என்றால் அவர் வாயை அதுவே கட்டிவிடும்.

எதிர்த்தரப்பு வக்கீல் மூத்தவர். "இது பிராதா, வாரப் பத்திரிகைத் தொடர்கதையா?" என்று திறந்த கோர்ட்டில் கேட்டார். சிரித்தார்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டம், ஆர்டர் ஆறு, ரூல் இரண்டு: முக்கிய சங்கதிகளைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும், சாட்சியத்தை எழுதக்கூடாது. இதைப் படிக்கும் சட்ட மாணவர் யாராவது இந்த விதியைத் தூக்கிக்கொண்டு வருவார் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அந்த விதி எனக்கும் தெரியும். எந்த வருஷத்திலிருந்து, எந்த வழியாக, எதற்காகப் போனார்கள் என்பது பாதை வழக்கில் முக்கிய சங்கதியேதான். ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் சாட்சியம். அதை நான் பிராதில் எழுதவில்லை, குறுக்கு விசாரணைக்கு வைத்திருந்தேன்.

"போர் லாரி எந்த வழியாக உள்ளே போனது?" என்று பிரதிவாதியைக் கேட்டேன். ஓடை வழியாக என்றார். "ஓடையில் லாரி போகுமா?" அவர் தன் வக்கீலைப் பார்த்தார்.

தீர்ப்பு வாங்கினேன் என்று பீற்றிக்கொள்ள வழியில்லை. வாதம் ஆரம்பிப்பதற்குள் லோக் அதாலத்தில் சமாதானமாகி, பாதையை அளந்து கல் நட்டுவிட்டார்கள். அந்த அம்மாவுக்குக் கோர்ட் கட்டணமும் திரும்ப வந்தது.

ஆகவே, உங்கள் கேள்விக்கு என் பதில் 'உண்டு'. ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் இருக்காது. அலங்காரத்துக்கு இங்கே விலை இல்லை. 2017இல் ஒரு வீட்டுச் சொந்தக்காரர், குடியிருப்பவர் வழக்கில் இமாசலப் பிரதேச ஹைகோர்ட் எழுதிய தீர்ப்பு புரியவே இல்லை என்று சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்து, திரும்ப எழுதச் சொல்லி அனுப்பியது. இல்லாததை உண்டாக்குவதற்கும் இடம் இல்லை. 2023இல் நியூயார்க்கில் சாட்ஜிபிடி கற்பனை செய்து கொடுத்த முன்தீர்ப்புகளை அப்படியே தாக்கல் செய்த வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. இருக்கிறதை எங்கே போய்த் தேடுவது, எந்த வரிசையில் வைப்பது என்பதில்தான் மூளை வேலை செய்ய வேண்டும். பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் 1997ஆம் ஆண்டு விசாகா வழக்கு. வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைக்கென்று தனிச் சட்டமே இல்லாத காலம். இந்தியா 1993இல் ஏற்பளித்த பெண்கள் உரிமை பற்றிய சர்வதேச உடன்படிக்கையை அரசியல் சாசனத்தின் அடிப்படை உரிமைகளோடு சேர்த்துப் படித்து, சுப்ரீம் கோர்ட் நெறிமுறைகளை வகுத்தது. நாடாளுமன்றம் சட்டம் இயற்ற 2013 ஆயிற்று. அப்படி இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம் என்று தோன்றியதே, அதற்குப் பெயர் என்ன?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கற்பனை பூக்க வயிறு காயக்கூடாது. நான் ஜூனியராக இருந்த ஆபீசில் தீபாவளிக்கு ஒரு புடவை கொடுத்தார்கள், மாதச் சம்பளம் என்ற பேச்சே கிடையாது. 'தொழில் கற்றுக்கொடுப்பதே சம்பளம்' என்பார்கள். கற்றுக்கொடுத்ததோ வாய்தா வாங்க. 2024 ஜூனில் சென்னை ஹைகோர்ட் தலையிட்டு, சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் கொடுக்க வேண்டும் என்று பார் கவுன்சில் சுற்றறிக்கை அனுப்பச் சொன்னது. எங்கள் பார் அசோசியேஷன் அறையில் அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டுச் சிரித்த சீனியர்களை எனக்குத் தெரியும். 'சின்ன ஊரில் நாங்களே அவ்வளவு சம்பாதிப்பதில்லை' என்பார்கள். சிலருக்கு அது உண்மை. சிரித்தவர்களுக்கு உண்மை இல்லை. நான் என் ஜூனியருக்கு எவ்வளவு கொடுக்கிறேன் என்று கேட்பீர்கள். கொடுக்கிறேன், அவளையே கேட்டுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் போடுவதற்கு முன் உங்கள் ஊர் முன்சீப் கோர்ட்டில் போய்ப் பின்பெஞ்சில் உட்காருங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள். செல்போனை அணைத்துவிடுங்கள். காலையில் வழக்குகளைக் கூப்பிட்டு வாய்தா போடுவதைப் பார்த்துச் சலித்து எழுந்துவிடாதீர்கள். அதெல்லாம் முடிந்த பிறகுதான் சாட்சியைக் கூண்டில் ஏற்றுவார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து முடிவு செய்யுங்கள்.