ஷெஃபீல்டில் ஓராண்டு எம்.எஸ்சி.: வேலையை நம்பிக் கணக்குப் போடலாமா?

கேள்வி: திருச்சியில் பி.இ. முடித்திருக்கிறேன். இந்த செப்டம்பரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் ஓராண்டு எம்.எஸ்சி. சேர்கிறேன். கல்விக்கடன் கட்டணத்துக்கும் முதல் சில மாதச் செலவுக்கும்தான் காணும். விசாவுக்குக் காட்டுகிற மீதித் தொகை மாமாவிடம் கைமாற்றாக வாங்கி அப்பா கணக்கில் போட்டது. அதைத் திருப்பித் தர வேண்டும். பகுதிநேர வேலை பார்த்துச் சமாளிக்கலாம் என்கிறார்கள் எனக்கு முன்னால் போனவர்கள். முடியுமா? வீடு பார்த்துத் தருவதாக ஒருவர் ஆறு மாத வாடகையை முன்கூட்டியே அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா? கையோடு என்ன கொண்டுபோக வேண்டும்?
– வாசகி, திருச்சி

பதில்:

வாடகைப் பணத்தை அனுப்பாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் கடிதத்தின் நடுவில் இருக்கிறது. முதலில் அதைப் பார்ப்போம்.

லண்டனுக்கு வெளியே படிப்பவர்கள் மாதம் 1,171 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கு, அதாவது 10,539 பவுண்டு, கையிருப்பில் காட்ட வேண்டும் என்பது விசா விதி. பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். இதைச் சடங்குத் தொகையாக நினைக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது தவறு. அந்தப் பணம் படிப்புக் காலம் முழுக்க உங்களுக்குக் கிடைக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று விதி எதிர்பார்க்கிறது. விதியை விடுங்கள், உண்மையில் ஆகிற செலவே ஏறத்தாழ அதுதான். வாடகை, சாப்பாடு, ஃபோன், குளிர்காலத் துணி என்று வரிசையாக வரும்போது அந்தத் தொகையில் மிச்சம் பிடிப்பது கடினம். இதற்கு மேல் விசாவோடு கட்டும் மருத்துவக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு. உங்களைப் போல ஓராண்டுப் படிப்புக்கு விசா ஓராண்டைத் தாண்டி ஒன்றரை ஆண்டுக்குள் முடிவதால் ஒன்றரை ஆண்டுக்குக் கணக்கிட்டு 1,164 பவுண்டு வாங்குவார்கள். மாமாவின் பணத்தை உடனே திருப்பித் தரும் திட்டம் இருந்தால், கிளம்பும் முன்பே வங்கியில் கடன் தொகையைக் கூட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். டிசம்பரில் ஷெஃபீல்டில் உட்கார்ந்துகொண்டு கேட்பதைவிட இப்போது திருச்சியில் கேட்பது எளிது.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். மாணவர் விசாவில் பாட காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். 21 வயது நிரம்பியவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி 2026 ஏப்ரலிலிருந்து மணிக்கு 12.71 பவுண்டு. பெருக்கிப் பார்த்தால் வாரம் 254 பவுண்டு வரும். இந்தப் பெருக்கல்தான் பலரையும் ஏமாற்றுகிறது. ஷெஃபீல்டில் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள். இரண்டிலும் சேர்ந்த மாணவர்கள் ஒரே செப்டம்பரில் ஒரே காபிக் கடைகளுக்கும் சூப்பர் மார்க்கெட்டுகளுக்கும் விண்ணப்பம் போடுவார்கள். வேலை கிடைத்தாலும் பல இடங்களில் இத்தனை மணி நேரம் தருவோம் என்ற உறுதி இருக்காது. ஒரு வாரம் 16 மணி, அடுத்த வாரம் நாலு மணி என்று போகும்.

விதியிலும் மூன்று இடங்களில் கால் இடறும். ஒன்று, திங்கள் தொடங்கி ஞாயிறு வரை எந்த வாரத்தை எடுத்தாலும் 20 மணியைத் தாண்டக் கூடாது. இந்த வாரம் பத்து, அடுத்த வாரம் முப்பது, சராசரி இருபது என்ற கணக்கு செல்லாது. இரண்டு, சொந்தத் தொழில் கூடாது. சாப்பாடு டெலிவரி செயலிகளில் ஓட்டுபவர்கள் சுயதொழில் செய்பவர்களாகவே கருதப்படுவதால், வேறொருவர் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுவது விசாவையே பறிக்கும் காரியம். மூன்றாவது பலருக்குத் தெரியாது: இளங்கலை மாணவர்களுக்குக் கோடை என்றால் விடுமுறை, அப்போது முழுநேரம் வேலை பார்க்கலாம். முதுகலை மாணவர்களுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆய்வேடு எழுதும் காலம். அதுவும் பாட காலம்தான், 20 மணி வரம்பு அப்படியே இருக்கும். கோடையில் சம்பாதித்து ஈடுகட்டலாம் என்பது உங்களுக்குப் பொருந்தாது.

இதையெல்லாம் விட எனக்கு உறுத்துவது வேறு. ஓராண்டுப் படிப்பில் அக்டோபரும் நவம்பரும் தங்கம். பெரிய நிறுவனங்கள் அடுத்த ஆண்டு சேரப்போகும் பட்டதாரிகளுக்கான விண்ணப்பங்களை அந்த மாதங்களில்தான் வாங்குகின்றன. படித்து முடித்தபின் வேலை தேடத் தரும் கிராஜுவேட் விசா இதுவரை இரண்டு ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். நீங்கள் 2027 இலையுதிர் காலத்தில் முடிப்பதால் உங்களுக்கு 18 மாதம். அவ்வளவு கடன் வாங்கிப் போவது எதற்காகவோ அந்த வேலைக்கான கதவு திறந்திருக்கும் வாரங்களில், இரவு பதினொரு மணிக்குப் பாத்திரம் கழுவிவிட்டு வந்து படுப்பது நஷ்டக் கணக்கு. டிசம்பர் முடிய வருமானம் பூஜ்யம் என்று வைத்துத் திட்டம் போடுங்கள். சேர்ந்த முதல் வாரமே பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு ஆலோசனை மையத்துக்குப் போங்கள், அந்த ஊர் முறைப்படி சுயவிவரம் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு பல்கலைக்கழகத்துக்குள்ளேயே நூலகம், மாணவர் சங்கம், பல்கலைக்கழகத்தைப் புதியவர்களுக்கு அறிமுகப்படுத்தும் மாணவர் தூதர் பணி என்று சிறு வேலை கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பாடவேளை தெரிந்தவர்கள் நடத்துவதால் அங்கே வரம்பு மீறல் நடக்க வாய்ப்பு குறைவு.

இப்போது வீடு. ஆறு மாத வாடகையை முன்கூட்டி வாங்குவது வெளிநாட்டு மாணவர்களிடம் நெடுங்காலமாக இருந்த பழக்கம். இங்கிலாந்தில் வாடகைதாரர் உரிமைச் சட்டம் 2026 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், தனியார் வீட்டுக்காரர் ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை கேட்கவே கூடாது. ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் அந்த ஒரு மாதத்தைக்கூட வாங்க முடியாது. ஆகவே உங்களிடம் கேட்பவர் சட்டம் தெரியாதவர், அல்லது வீடே இல்லாதவர். இணையத்தில் எடுத்த படங்களைக் காட்டிப் பணம் வாங்கிக்கொண்டு மறைவது ஒவ்வொரு ஆகஸ்டிலும் நடக்கிற மோசடி.

அந்த ஒரு மாத வாடகை தவிர, வீட்டுக்காரர் முறைப்படி கேட்கக்கூடியவை இவைதான்: வீட்டைப் பிடித்து வைக்க அதிகபட்சம் ஒரு வார வாடகை, பாதுகாப்பு வைப்புத்தொகையாக அதிகபட்சம் ஐந்து வார வாடகை. அந்த வைப்புத்தொகையை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட்டு உங்களுக்குச் சான்று தர வேண்டும். புரோக்கர் கமிஷன், ஒப்பந்தம் எழுதும் செலவு என்று எதையும் மாணவர் தலையில் கட்ட 2019 முதலே தடை. பிரிட்டனில் வசிக்கும் ஜாமீன்தாரர் வேண்டும் என்று மட்டும் கேட்பார்கள். யாரும் இல்லையென்றால் பல்கலைக்கழகத் தங்குமிட அலுவலகத்திடம் வழி கேளுங்கள்.

என் யோசனை, முதல் ஆண்டுக்குப் பல்கலைக்கழக விடுதிதான். உங்களுக்கு ஒரே ஆண்டு என்பதால் கதை அதோடு முடிந்தது. விண்ணப்பக் கெடுவைத் தவறவிடாதீர்கள். தனியார் நடத்தும் மாணவர் அடுக்கக விடுதிகளும் நகர நடுவில் நிறைய உண்டு. ஆனால் ஒன்றை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: முறைப்படி பதிவு செய்த அத்தகைய விடுதிகளுக்கு மேலே சொன்ன புதிய சட்டம் பொருந்தாது. 44 வாரம், 51 வாரம் என்று கையெழுத்துப் போட்டால் முழுக் காலத்துக்கும் கட்ட வேண்டியதுதான். இடையில் அறை பிடிக்கவில்லை என்று விலகினால் உங்கள் இடத்துக்கு வேறு மாணவரை நீங்களேதான் தேட வேண்டியிருக்கும். விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்புமா என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று படித்துவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள். உங்கள் ஆய்வேடு செப்டம்பர் வரை ஓடும் என்பதால் 44 வார ஒப்பந்தம் போதாது என்பதும் கவனத்தில் இருக்கட்டும்.

ஷெஃபீல்டில் வீடு தேடும்போது மேப்பில் தூரத்தை மட்டும் பார்த்தால் போதாது, மேட்டையும் பார்க்க வேண்டும். ஏழு குன்றுகளின் ஊர் என்று அதற்குப் பெயர். க்ரூக்ஸ், வாக்லி பக்கம் வாடகை குறைவாகத் தெரியும். ஆனால் மழையில் காய்கறிப் பையோடு அந்தச் செங்குத்துத் தெருக்களில் தினமும் ஏற வேண்டும். ப்ரூம்ஹில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கம், கடைகளும் உண்டு. லண்டன் ரோடு, ஷாரோ பக்கம் ஆசியக் கடைகள், உணவகங்கள் இருப்பதால் நம் சமையலுக்கு வசதி. டிராம் பல்கலைக்கழக வாசலிலேயே நிற்கிறது. சிலர் சேர்ந்து வீடு எடுத்தால் எல்லோரும் முழுநேர மாணவர்களா என்று பாருங்கள். எல்லோரும் மாணவர்களாக இருந்தால் நகராட்சி வரியான கவுன்சில் டாக்ஸ் கிடையாது. வேலைக்குப் போகும் ஒருவர் கூட இருந்தால் வீட்டுக்குப் பில் வந்துவிடும், அதை யார் கட்டுவது என்று மனத்தாங்கலும் வரும்.

விமானம் எடுக்கும்போது சென்னையிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு நேரடி விமானம் என்று மயங்க வேண்டாம். துபாய் அல்லது தோஹா வழியாக மான்செஸ்டரில் இறங்கினால், விமான நிலையத்துக்குள்ளேயே ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து மான்செஸ்டர் பிக்காடில்லி நிலையத்தில் ஒருமுறை ரயில் மாறி ஷெஃபீல்டுக்குப் போகலாம். இரண்டு பெரிய பெட்டிகளோடு லண்டன் நகரைக் குறுக்கே கடந்து செயின்ட் பான்க்ரஸில் ரயில் பிடிக்கும் பாடு மிச்சம்.

விசா இப்போது மின்விசாதான், அட்டை கிடையாது. கிளம்பும் முன்பே உங்கள் மின்விசாக் கணக்கில் நுழைந்து பெயர், பாஸ்போர்ட் எண், தேதி எல்லாம் சரியா என்று பாருங்கள். வேலைக்கும் வீட்டுக்கும் அந்தக் கணக்கிலிருந்து பகிர்வுக் குறியீடு எடுத்துத் தருவீர்கள், அது 90 நாள் செல்லும். போய்ச் சேர்ந்ததும் வங்கிக் கணக்கு தொடங்க ஒரு வாரம், சில நேரம் அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை செலவுக்கு ஃபாரெக்ஸ் கார்டில் பணம் இருக்கட்டும். உள்துறை அலுவலகத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் விசாவில் தவறு இருக்கிறது, அபராதம் கட்டுங்கள் என்று ஃபோன் வந்தால் துண்டித்துவிடுங்கள். கட்டணத்தைத் தள்ளுபடியில் கட்டித் தருகிறேன், உன் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டு எடுத்துக்கொள்கிறேன் என்று நம் மொழியில் பேசி வருபவரிடமும் அதே எச்சரிக்கை வேண்டும். பிறர் பணம் போட்டு எடுக்க உங்கள் கணக்கைக் கொடுப்பது பணச்சலவைக் குற்றமாகும்.

உடம்பு நன்றாக இருக்கும்போதே முதல் வாரத்தில் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் பதிந்துகொள்ளுங்கள். காய்ச்சல் வந்தபின் பதியலாம் என்று விடாதீர்கள். தொண்டைவலி, சிறுநீர்த் தொற்று போன்ற சிலவற்றுக்கு மருந்துக் கடைக்காரரே பார்த்து மருந்து தர 2024 முதல் ஏற்பாடு இருக்கிறது. என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 111, உயிருக்கு ஆபத்து என்றால் 999. பல்லையும் கண்ணையும் மட்டும் திருச்சியிலேயே முடித்துவிட்டு, இன்னொரு கண்ணாடியும் செய்து எடுத்துப் போங்கள்.

பெட்டி: குக்கர், ஒரு சின்ன அஞ்சறைப் பெட்டி, பொடி வகைகள், இரண்டு அடாப்டர் போதும். நெய், பால்கோவா, பனீர், இறைச்சி எதுவும் கூடாது. பால், இறைச்சிப் பொருள்களை இந்தியாவிலிருந்து கொண்டுவரத் தடை இருக்கிறது. குளிருக்கான கோட்டை இங்கே வாங்காதீர்கள். அங்கே பயன்படுத்திய பொருள் விற்கும் தொண்டு நிறுவனக் கடைகளில் நல்லதே குறைந்த விலைக்குக் கிடைக்கும். காற்று பலமாக இருப்பதால் குடையைவிடத் தொப்பி வைத்த மழைச்சட்டைதான் உதவும். டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். இலையுதிர் காலம் தொடங்கி தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ளும்படி அந்நாட்டு மருத்துவத் துறையே சொல்கிறது. நம் நிறத்தவர்கள் ஆண்டு முழுக்க எடுப்பதை யோசிக்கலாம்.

கடைசியாகச் சமையலறை. கடுகு தாளிக்கும் புகைக்கு விடுதியின் தீ எச்சரிக்கை மணி அடித்துவிடும், நள்ளிரவானாலும் கட்டடமே வெளியே வந்து நிற்க வேண்டும். கதவைச் சாத்தி, புகைபோக்கி விசிறியைப் போட்டுவிட்டு எண்ணெயைக் காயவையுங்கள். புகையை உணர்ந்து மணியடிக்கும் கருவியைத் துணி போட்டோ பிளாஸ்டிக்கால் மூடியோ வைக்கக் கூடாது. அபராதம் உண்டு, ஆபத்தும் உண்டு.