தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்காதீர்கள்

அன்புள்ள சார்,

மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் தெருமுனை மளிகைக்கடை வாசலில் கால் அடிபட்டுக் கிடந்த ஒரு பூனையைத் தூக்கிவந்தேன். கருப்பி என்று பெயர் வைத்தோம். அப்போதே வளர்ந்த பூனை, வயது தெரியாது. இரண்டு மாதமாக நிறையத் தண்ணீர் குடித்தாள், இளைத்துக்கொண்டே போனாள். சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் வடிக்க வேண்டிய கழிவான கிரியேட்டினின் 4.6 வந்தது. நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, குணமாகாது, இருக்கும்வரை பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். ஒருநாள் விட்டு ஒருநாள் வீட்டிலேயே தோலுக்கடியில் 100 மில்லி சலைன் ஏற்றுகிறேன். பாட்டிலைக் கையில் எடுத்தாலே பீரோவுக்கு அடியில் ஓடி ஒளிகிறாள். என்னை வெறுக்கிறாள் என்று தோன்றுகிறது.

என் பெரியப்பா டயாலிசிஸ் செய்துகொள்பவர். ‘கிட்னி போனால் முதலில் தண்ணியத்தான் குறைக்கணும், நீ என்ன குடிக்க விடுற’ என்றார். அதனால் ராத்திரியில் மட்டும் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிடுகிறேன். தெருப்பூனைக்கு இவ்வளவு செலவா என்று மாமியார் கேட்கிறார். ஜப்பானில் இதற்கு மருந்து கண்டுபிடித்திருக்கிறார்களாமே, உண்மையா?

எப்போது நிறுத்துவது என்பதுதான் என் கேள்வி. இயற்கையின் போக்கில் விட்டுவிடுவதுதான் அவளுக்கு நல்லதா? உங்கள் வீட்டிலும் இதே நோயோடு ஒரு பூனை இருந்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள்.

ஆர்., திருச்சி

*

அன்புள்ள ஆர்.,

படித்துக்கொண்டே வந்தவன் ‘ராத்திரியில் மட்டும்’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். முதலில் எழுந்துபோய் அந்தக் கிண்ணத்தை நிரப்பி வையுங்கள். வைத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

வைத்தாயிற்றா? சரி.

உங்கள் பெரியப்பா பொய் சொல்லவில்லை. அவருக்கு அது சரி. டயாலிசிஸ் வரை போனவர்களில் பலருக்குச் சிறுநீர் வெகுவாகக் குறைந்துவிடும், சிலருக்கு நின்றேபோகும். உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. காலில் தேங்கும், பிறகு நுரையீரலில் ஏறி மூச்சை அடைக்கும். அதனால்தான் முந்தின நாள் போன சிறுநீரின் அளவோடு அரை லிட்டர், அவ்வளவுதான் குடிக்கலாம் என்று கணக்குச் சொல்வார்கள்.

கருப்பியின் கதை நேர் எதிர். வீட்டுப் பூனையின் மூதாதை வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியப் பக்கத்துக் காட்டுப்பூனை. வறண்ட நிலத்தில் பிழைத்த சாதி. எலி ஒன்றைத் தின்றால் அதன் உடம்பில் உள்ள தண்ணீரே கிட்டத்தட்டப் போதும். கிடைத்த சொட்டை விடாமல் சிறுநீரைக் கெட்டியாக்கி அனுப்பும் திறமை அதன் சிறுநீரகத்துக்கு உண்டு. நோய் வந்தால் முதலில் போவது அந்தத் திறமைதான். மூன்றில் இரண்டு பங்கு செயல்பாடு போனதும் சிறுநீர் வெறும் தண்ணீராக ஓடத் தொடங்கும். முக்கால் பங்கு போனபிறகுதான் ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறும். ஆக உங்கள் பூனை அதிகம் குடிப்பதால் அதிகம் போகவில்லை. அதிகம் போவதால்தான் குடிக்கிறாள். ஓட்டைக் குடம் அவள். ஓட்டையை அடைக்க முடியாது, ஊற்றிக்கொண்டே இருக்கலாம். நீங்களோ சாயங்காலம் 100 மில்லியை ஊசி வழியாக ஏற்றிவிட்டு ராத்திரி கிண்ணத்தைப் பிடுங்குகிறீர்கள். நீர்ச்சத்து இறங்கினால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும், மிச்சமிருக்கும் கால்பங்கும் சாகும். நிறையப் படித்தவர் என்று உங்கள் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஊசி போட்ட டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? மனிதனுக்குப் பார்த்த வைத்தியத்தைப் பூனைக்குப் பார்ப்பது எங்கே கொண்டுபோய் விடும் தெரியுமா? நமக்கு ஜுரம் வந்தால் கேட்காமலே போட்டுக்கொள்ளும் பாரசிட்டமால், அரை மாத்திரை, ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

இவ்வளவு கோபம் எதற்கு என்று நினைப்பீர்கள். நானும் அதையேதான் செய்தேன். செய்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது.

என் அப்பாவுக்கு 2008இல் டயாலிசிஸ் தொடங்கியது. வாரம் இரண்டு முறை. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் என்றார்கள். காப்பி, ரசம், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் சேர்த்து. ஒரு பாட்டிலில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு வைத்தேன். காலையில் நிரப்புவது என் வேலை, ராத்திரி எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதும் என் வேலை. ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் எடை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று நர்ஸ் பார்ப்பார். சில நாள் மூன்று கிலோ ஏறியிருக்கும். ‘என்ன குடிச்சீங்க?’ என்று அந்தப் பெண் கேட்பதற்கு முன்னால் நான் கேட்பேன். நாற்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்ப்பார்.

பல் தேய்க்கப் போனால் வாய் கொப்பளிக்கிற சாக்கில் விழுங்கிவிடுவார். அது எனக்குத் தெரியும். அதனால் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று குழாய்ச் சத்தத்தை எண்ணுவேன். தண்ணீர் வாய்க்குள் போகும் சத்தமும், துப்பும் சத்தமும். போனது ஐந்து, துப்பியது மூன்று. கதவைத் தட்டி, ‘அப்பா, போதும் வாங்க’ என்பேன். எங்கள் நாகர்கோவிலில் ஐப்பசி மழை எப்படிப் பெய்யும் என்று திருச்சிக்காரரான உங்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். 2010 ஐப்பசியில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘ஊரெல்லாம் தண்ணி’ என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்த மாதமே போய்விட்டார்.

பதினாறாம் நாள் விசேஷமெல்லாம் முடிந்தபிறகு அம்மா சொன்னாள். தினமும் ராத்திரி நான் தூங்கினபிறகு ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு ஐஸ் கட்டியை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றி அவர் வாயில் வைத்திருக்கிறாள். நான் போட்ட கோட்டில் அது வரவேயில்லை. வராத அந்த ஐஸ் கட்டிக்கும் சேர்த்துத்தான் மறுநாள் காலையில் அவரைத் திட்டியிருக்கிறேன்.

சாம்பு என்ற எங்கள் பூனை நோயில் விழுந்தது 2015இல். வடசேரிச் சந்தையில் மீன் கழிவுக்கு நடுவே கண்டெடுத்தவன். ராத்திரி இரண்டு மணிக்கு ‘சளக் சளக்’ என்று தண்ணீரை நக்கும் சத்தம் கேட்டது. தூக்கத்திலேயே எண்ணத் தொடங்கிவிட்டேன். எழுந்துபோய்க் கிண்ணத்தை எடுத்து அலமாரி மேல் வைத்தேன். ஒரு வாரம் இப்படி. பிறகு வாந்தியும் மயக்கமுமாக மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஓய்வு பெற இன்னும் சில மாதமே இருந்த டாக்டர் ஒருவர் சாம்புவின் பிடரித் தோலை இழுத்துப் பார்த்தார். இழுத்த தோல் கூடாரம் மாதிரி அப்படியே நின்றது, திரும்ப விழவில்லை. ‘தண்ணி வைக்கிறதில்லையா வீட்டில?’ என்றார். நான் என் அப்பாவின் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, ‘அவரு உங்க அப்பா. இது பூனை. ரெண்டையும் ஒண்ணாக்காதீங்க’ என்றார். அவர் எனக்குக் கொடுத்த திட்டில் பாதியைத்தான் உங்களுக்குக் கொடுத்திருக்கிறேன்.

சாம்பு அதற்குப் பிறகு பதினான்கு மாதம் இருந்தான்.

இனி உங்கள் மற்ற விஷயங்கள். மாமியாரிடம் வாதாட வேண்டாம். ஒரு பாட்டில் ரிங்கர் லாக்டேட் சலைன் விலை ஓட்டலில் ஒரு சாப்பாட்டு விலைக்குள் அடங்கும் என்று மட்டும் சொல்லுங்கள். ஜப்பானில் ஆராய்ச்சி நடப்பது உண்மைதான். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் இருந்த டோரு மியாசாகி, ஏஐஎம் என்ற ஒரு புரதத்தை வைத்து ஆராய்ச்சி செய்தவர். சிறுநீரகத்தில் சேரும் செத்த செல்களை அப்புறப்படுத்த உதவுவது அது. பூனைகளில் அந்தப் புரதம் வேறொரு பெரிய புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, வேண்டிய நேரத்தில் பிரிந்து வருவதில்லை என்கிறார். 2021இல் அந்த ஆராய்ச்சிக்குப் பணமில்லை என்று செய்தி வந்ததும் ஜப்பானியப் பூனைக்காரர்கள் நன்கொடையைக் கொட்டினார்கள். நல்ல விஷயம். கருப்பிக்கு இன்று ராத்திரி வேண்டியது அதுவல்ல.

4.6 என்ற எண்ணைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். ஐரிஸ் என்ற சர்வதேச அமைப்பு வகுத்த நான்கு நிலைகளில் 2.9 முதல் 5.0 வரை மூன்றாம் நிலை. ஆனால் நீர்ச்சத்து சரியாக இருக்கும்போது எடுத்த ரத்தத்தை வைத்துத்தான் நிலையைச் சொல்ல வேண்டும். உங்கள் 4.6 எப்போது எடுத்தது? வற்றிக் கிடந்த நாளிலா? அப்படியானால் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள், கொஞ்சம் இறங்கியிருக்கலாம். ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த நோயில் அது ஏறி, ஒரே ராத்திரியில் பூனைக்குக் கண் தெரியாமல் போவதுண்டு. சிறுநீரக உணவு என்று விற்பதில் பாஸ்பரஸ் குறைவு, அது நல்லது. ஆனால் அதைத் தின்ன மாட்டேன் என்று பட்டினி கிடந்தால் தின்பதைக் கொடுங்கள். பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே ஈரல் கெடும். குமட்டலுக்கும் பசிக்கும் மருந்து இருக்கிறது, டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். கருவாடு வேண்டாம், பாலும் வேண்டாம்.

வெறுக்கிறாளா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊசியை வெறுக்கிறாள். பாட்டிலை ஃப்ரிட்ஜிலிருந்தோ ஏசி அறையிலிருந்தோ எடுத்து அப்படியே ஏற்றுகிறீர்களா? வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுங்கள். அவள் உடம்பு நம்மைவிடச் சூடு, 38 டிகிரிக்கு மேல். நானாக இருந்தாலும் பீரோவுக்கு அடியில்தான் போவேன். துண்டில் கொழுக்கட்டை மாதிரிச் சுற்றி மடியில் வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைத் தூக்கிப் பிடியுங்கள். ஏற்றியபிறகு ஒட்டகத் திமில் மாதிரிப் புடைக்கும், முன்னங்காலுக்கு இறங்கித் தொங்கும், மறுநாள் வடிந்துவிடும். வடியாமல் நின்றாலோ மூச்சு வாங்கினாலோ அடுத்ததை ஏற்றாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். நீங்கள் ஸ்ரீரங்கத்துக்குப் பக்கம். தென்கலை வைணவர்கள் சொல்லும் மார்ஜார நியாயம் கேட்டிருப்பீர்கள்: பூனைக்குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், தாய் கவ்விக்கொண்டு போகும், சரணாகதி அப்படி இருக்க வேண்டும் என்று. அந்த உவமையைச் சொன்ன ஆசாரியர் எவரும் பூனைக்கு சலைன் ஏற்றியிருக்க மாட்டார். வடகலையார் உவமை சொல்லும் குரங்குக்குட்டியாவது தாயை ஒழுங்காகப் பிடித்துக்கொள்ளும்.

‘இயற்கையின் போக்கு’ என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த இயற்கை? மளிகைக்கடை வாசலில் வண்டி ஏறிய காலா, பாக்கெட்டில் வந்த உலர் தீனியா? சிறுநீரகம் செயலிழந்து சாவது தூங்கிப்போவது போல இருக்காது. வாயில் புண் வரும், மூச்சில் மூத்திர வாடை அடிக்கும், நாள்கணக்கில் குமட்டும். பார்க்க முடியாமல் நாம் வேறு அறைக்குப் போய்விடுவதற்கு இயற்கை என்று பெயர் வைத்துக்கொள்கிறோம். நிறுத்த வேண்டிய நாள் வந்தால் டாக்டரிடம் கொண்டுபோய், மயக்கி, ஊசி போட்டு, மடியில் வைத்து அனுப்புங்கள். சாம்புவை அப்படித்தான் அனுப்பினேன்.

அந்த நாள் எது என்றா? குர்குர் என்கிறாளே, நன்றாகத்தான் இருக்கிறாள் என்று நம்பிவிடாதீர்கள். வலியிலும் பூனை அந்தச் சத்தம் போடும். எங்கள் தெருவில் காலை பத்து மணிக்குச் சைக்கிளில் மீன்காரர் வருவார். அவர் ஹாரன் சத்தம் கேட்டால் சாம்பு எங்கிருந்தாலும் வாசலுக்கு ஓடுவான். கடைசி மாதங்களில் ஓட முடியாமல் நடந்து போனான், பிறகு தலையை மட்டும் திருப்பினான், பிறகு காதை மட்டும். ஒருநாள் காதும் அசையவில்லை. சாளை மீனை ஆய்ந்து மூக்கருகே வைத்துப் பார்த்தேன். மறுநாளும் வைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் டாக்டருக்குப் போன் செய்தேன். கருப்பிக்கு எது மீன்காரர் ஹாரன் என்று உங்களுக்குத்தான் தெரியும். பீரோவுக்கு அடியில் ஓடி ஒளிகிறாள் என்கிறீர்கள். ஓடுகிறாள் அல்லவா, இன்னும் நாள் இருக்கிறது.

வீட்டில் மூன்று இடத்தில் தண்ணீர் வையுங்கள். அகல வாய்ப் பாத்திரமாக, சாப்பாட்டுத் தட்டைவிட்டுத் தள்ளி. ஞாயிறு தோறும் எடை பாருங்கள். நீங்கள் ஒருமுறை, அவளைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை என்று ஏறிக் கழிக்காதீர்கள். மூன்று கிலோப் பூனையில் நூறு கிராம் அதில் தெரியாது. குழந்தைகளுக்கான தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். முதல் ஞாயிறு எடையை எனக்கு எழுதுங்கள்.

அப்புறம், பெரியம்மா இருந்தால் தனியாகக் கூப்பிட்டு, பெரியப்பாவுக்கு ராத்திரி ஐஸ் கட்டி கொடுக்கிறார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள். அளவுக் கணக்கில் சேர்த்துக்கொண்டு கொடுக்கலாம், தப்பில்லை.