ரெடிமேட் வீடு நம்ம ஊருக்குச் சரிப்படுமா? கேள்வி பதில்

நாகர்கோவில் பக்கம் இருபது வருடமாகக் கட்டட வேலை பார்க்கிறேன். கடைசி ஏழு வருடம் ப்ரீஃபேப், அதாவது ரெடிமேட் வீட்டு வேலையும் உண்டு. பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு என் கைப்பட்ட அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

மார்த்தாண்டம்: அண்ணே, ப்ரீஃபேப் என்றால் கன்டெய்னர் வீடுதானா?

இல்லை தம்பி, கன்டெய்னர் அதில் ஒரு வகை. சுவரையும் கூரையையும் ஃபேக்டரியில் செய்து, இடத்துக்குக் கொண்டுவந்து பொருத்தினால் எல்லாமே ப்ரீஃபேப்தான். காம்பவுண்டுக்குத் தூணை நட்டு இடையில் ஸ்லாப் சொருகுகிறார்களே, அதுவும் இதே முறைதான். இருபதடி கன்டெய்னருக்கு அகலம் எட்டடி, மொத்தமே 160 சதுர அடி. வெயிலுக்காக உள்ளே பலகை அடித்தால் இன்னும் சுருங்கும். கடைக்கும் விளையில் (தோப்பில்) காவல் இருப்பதற்கும் போதும். பிள்ளைகுட்டியோடு குடியிருக்க நான் சொல்லமாட்டேன்.

குளச்சல்: சுனாமிக்குப் பிறகு தார் ஷீட் கொட்டகையில் கிடந்தோம். ப்ரீஃபேப் என்றாலே அம்மா வேண்டாம் என்கிறார்.

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது அக்கா. 2004 டிசம்பருக்குப் பிறகு போட்ட அந்தக் கொட்டகைகளில் மத்தியானம் ஒரு மனுஷன் உட்கார முடியாது. அது அவசரத்துக்குப் போட்டது, வெயிலைத் தடுக்க அதில் எதுவும் கிடையாது. இப்போது வரும் பஃப் பேனலில் இரண்டு தகட்டுக்கு நடுவே 50 மில்லிமீட்டர் நுரை இருக்கும். வெளித்தகடு சுட்டாலும் உள்பக்கம் கையை வைக்கலாம். நான் சொல்வதை நம்பவேண்டாம். கட்டி முடித்த வீடு ஒன்றுக்கு அம்மாவை மத்தியானம் இரண்டு மணிக்குக் கூட்டிப்போய் ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள்.

வீடிழந்தவர்களுக்கு இப்படிக் கட்டுவது புதிதும் இல்லை. பிரிவினையில் வந்தவர்களுக்காக 1948லேயே டெல்லியில் அரசு ஒரு வீட்டு ஃபேக்டரி தொடங்கியது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் பிரிட்டனில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இப்படிப் பொருத்தினார்கள். பத்து வருடம் தாங்கினால் போதும் என்று போட்ட அந்த வீடுகள் பலவற்றில் ஜனங்கள் பல பத்தாண்டுகள் குடியிருந்தார்கள்.

தேங்காப்பட்டணம்: கடலிலிருந்து 300 மீட்டரில் எங்கள் மனை. துரு பிடிக்காதா?

பிடிக்கும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நம்ம கடற்கரையில் இந்த வீடுகள் கெடுவது இங்கேதான்.

நாலு வருடம் ஆன ஒரு வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். பேனல் புதுசு மாதிரி இருந்தது. ஆனால் ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலைக்குக் கீழேயும் காப்பி வழிந்த மாதிரி ஒரு கோடு. ஒன்றைக் கழற்றப் பார்த்தேன், தலை மட்டும் கையோடு வந்தது, பாதி உள்ளேயே நின்றுவிட்டது. சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க சாதாரண ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். கடல் பக்கம் 316 கிரேடு ஸ்டெயின்லெஸ்தான் வேண்டும், 304 போதாது. இரும்புச் சட்டத்தில் சதுர மீட்டருக்கு 275 கிராம் துத்தநாகப் பூச்சு இருக்கிறதா என்று பில்லோடு கேளுங்கள். சைட்டில் கிரைண்டர் வைத்து அறுத்தால் அந்தப் பூச்சு கருகிப்போகும், அறுத்த வாயில் அன்றைக்கே ஜிங்க் பெயின்ட் அடிக்கவேண்டும்.

அப்புறம் மழை. நமக்கு ஆனி, ஆடியிலும் உண்டு, ஐப்பசியிலும் உண்டு. காற்றோடு சாய்ந்து அடிக்கிற மழை மூட்டு வழியாகத்தான் உள்ளே வரும். அங்கே இடைவெளியை அடைக்க வைத்த சீலன்ட் வெயிலில் வெடித்துவிட்டதா என்று வருடா வருடம் மழைக்கு முன்னால் பாருங்கள். என் சொந்த வீடு என்றால் 300 மீட்டரில் இரும்பு வைக்கமாட்டேன், கான்கிரீட்டுக்குப் போவேன்.

குலசேகரம்: ரப்பர் தோட்டத்து வழி. வண்டி வருமா?

பேனல் என்றால் மினி லாரியே போதும். ப்ரீகாஸ்ட், அதாவது அச்சில் முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் சுவர் என்றால் கிரேன் வேண்டும். மெயின் ரோட்டிலிருந்து புரையிடம் (வீட்டு மனை) வரை டேப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள். வளைவையும் கரண்ட் கம்பியின் உயரத்தையும் குறித்துக்கொண்டு பிறகு விலை பேசுங்கள்.

நாகர்கோவில்: வாடகைக்குக்கூட வீடு கிடைக்கவில்லை சார். இதனால் தட்டுப்பாடு தீருமா?

நாள் மிச்சமாகும், கொத்தனாருக்குக் காத்திருப்பது குறையும். சென்ட் விலை குறையாது. ஒருபக்கம் கடல், ஒருபக்கம் மலை, நடுவில் வயலும் குளமும். நம்ம மாவட்டத்தில் முதல் தட்டுப்பாடே நிலம்தான்.

இன்னொன்று, ஒரு வீட்டுக்கு அச்சு செய்தாலும் ஆயிரம் வீட்டுக்குச் செய்தாலும் அச்சின் செலவு ஒன்றுதான். சென்னை பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகளை ப்ரீகாஸ்ட்டில் கட்டினார்கள். 2021 ஜனவரியில் அடிக்கல், 2022 மே மாதம் திறப்பு. அந்த அளவுக்குப் போனால்தான் இந்த முறையின் முழுப் பலனும் கிடைக்கும். மீனவர் குடியிருப்புக்கும் வாடகைக் குடியிருப்புக்கும் அரசு இங்கே அப்படி மொத்தமாகச் செய்யவேண்டும் என்பது என் ஆசை. தனி ஆள் விலை குறையும் என்று நம்பி இறங்கினால் ஏமாற்றம்தான்.

தக்கலை: கனவு இல்லம் பணத்தில் பேனல் வீடு போடலாமா?

அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சம் தருகிறார்கள். 360 சதுர அடி வீட்டில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை இருக்கவேண்டும். பேனல் கூரை அதில் சேராது.

இரணியல்: பெர்மிட், லோன்?

பெர்மிட் கட்டாயம் வேண்டும். லோன் தருவார்களா என்று பேங்கில் எழுதி வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஆரல்வாய்மொழி: பழைய வீட்டு மொட்டைமாடியில் மகனுக்கு இரண்டு ரூம் போடலாமா?

ப்ரீஃபேப் நன்றாகப் பொருந்துகிற இடம் இதுதான் அண்ணாச்சி. கனம் கம்மி, பழைய சுவர் தாங்க வாய்ப்பு அதிகம். ஆனால் உங்கள் ஊர்க் காற்று தெரியுமே, காற்றாலை நிற்கிற இடம். ஒக்கி புயல் அடித்த 2017ல் கூரைகள் பறந்ததையும் பார்த்திருப்பீர்கள். இலேசான கட்டடத்தைக் காற்று மேலே தூக்கப் பார்க்கும். ஆகவே தட்டோட்டின் மேல் அப்படியே போல்ட் அடிக்க விடாதீர்கள். ஓட்டைப் பெயர்த்து, அடியில் பீம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று இன்ஜினியரை வைத்துப் பார்த்து, அந்தப் பீமிலேயே ஆங்கர் போல்ட் இறக்கச் சொல்லுங்கள். இறக்குகிற அன்றைக்கு நீங்களும் மாடியில் நில்லுங்கள்.