6,000 ரூபாய்க்குள் குடும்பம் முழுவதற்கும் மனநிறைவான தீபாவளிப் பரிசு கொடுக்க முடியுமா?

முடியும். ஆனால் தொகையைத் தலைக்கு இவ்வளவு என்று வகுக்காதீர்கள்.

நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: தீபாவளிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. பரிசுக்கென்று ஒதுக்க முடிந்தது 6,000 ரூபாய். மாமனார், மாமியார், உங்கள் அம்மா, எட்டாவது படிக்கும் மகன், இரண்டாவது படிக்கும் மகள், வெளியூரிலிருந்து வரும் நாத்தனார், அவர் கணவர், அவர்களுடைய கைக்குழந்தை. எட்டுப் பேருக்கும் வகுத்தால் ஆளுக்கு 750 ரூபாய். எல்லாம் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். 750 ரூபாய்க்கு மாமனாருக்குச் சட்டை எடுத்தால், பீரோவில் மடிப்புக் கலையாமல் கிடக்கும் சட்டைகளோடு அதுவும் போய்ச் சேரும். மகனுக்கு அந்தத் தொகை போதாது. கைக்குழந்தைக்கு அது அதிகம். யாருக்கு என்ன குறைகிறது என்று பார்த்துக் கொடுத்தால் சிலருக்கு 300 ரூபாயிலேயே முகம் மலரும், மிச்சத்தை வேண்டிய இடத்தில் போடலாம்.

நான் ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கிடங்கில் கணக்கு எழுதுகிறேன். பண்டிகைக்கு முந்தைய வாரம் போனஸ் வந்த கையோடு கடைக்கு ஓடிவரும் குடும்பங்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். உழைத்துச் சேர்த்த அந்தப் பணம் கூட்ட நெரிசலில், கேட்ட விலைக்கு, கிடைத்த நிறத்துக்குப் போய்விடுகிறது. உங்களுக்கு மூன்று மாத அவகாசம் இருக்கிறது. குறைந்த தொகையில் பரிசு கொடுக்க நினைப்பவருக்கு இதைவிடப் பெரிய முதல் கிடையாது.

கணக்கைப் போடும்போது முதலில் இனாமை எடுத்து வையுங்கள். துப்புரவுப் பணியாளர், தபால்காரர், வீட்டு வேலைக்கு வரும் அக்கா, காவலாளி. இவர்களுக்குக் கொடுப்பதைப் பரிசுக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை, பண்டிகையன்று காலையில்தான் நினைவுக்கு வருகிறது. 500 ரூபாயைப் புது நோட்டாக மாற்றித் தனி உறையில் வைத்துவிடுங்கள். மிச்சம் 5,500.

இனி அடுத்த இரண்டு வாரம் எதுவும் வாங்க வேண்டாம். வீட்டில் பேசுவதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். உங்கள் மாமனார் காலையில் செய்தித்தாளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் படிக்கிறாரா? கண்ணாடியில் கீறல் விழுந்திருக்கலாம், பவர் மாறியிருக்கலாம். எங்கள் தெருவில் ஒரு மகள் தன் அப்பாவுக்கு அந்த ஆண்டு வேட்டி சட்டை எடுக்கவில்லை. கண் பரிசோதனை செய்து, பழைய ஃபிரேமிலேயே புது லென்ஸ் மாற்றிக் கொடுத்தார். வேட்டி சட்டைக்கு ஆகும் செலவைவிடக் குறைவுதான் ஆனது. அந்தப் பெரியவர் ஒரு வாரம் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிக் காட்டினார். தீபாவளியன்று உடுத்தப் புதுத் துணி இல்லாமல் இருக்கக் கூடாது என்று உங்கள் வீட்டில் நினைத்தால், மஞ்சள் தடவிய ஒரு துண்டு போதும்.

வேட்டிதான் வேண்டும் என்றால், அவர் கட்டுவது நான்கு முழமா எட்டு முழமா, கரை அகலமாக இருந்தால் பிடிக்குமா என்று கொடியில் காயும் வேட்டியைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். எட்டு முழம் கட்டிப் பழகியவர் நான்கு முழத்தைக் கையில் வாங்கிக்கொள்வார், உடுத்த மாட்டார்.

அடுத்தது அம்மாவும் மாமியாரும். தலைக்கு வகுக்க வேண்டாம் என்று மேலே சொன்னது இந்த இருவருக்கு மட்டும் பொருந்தாது. இருவருக்கும் ஒரே தரம், ஒரே விலை, வேறு நிறம். இதில் நூறு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் அது உங்கள் அம்மாவின் காதுக்கு ஒரு விதமாகவும் மாமியாரின் காதுக்கு வேறு விதமாகவும் போய்ச் சேரும். ஒன்றாகவே எடுங்கள், இருவர் முன்னிலையிலும் ஒரே நாளில் கொடுங்கள்.

600, 650 ரூபாய்க்கு நல்ல பருத்திச் சேலை கிடைக்கும். அதைக் கடைப் பையோடு அப்படியே நீட்டினால் பாதிப் பரிசுதான். ரவிக்கை தைக்காத சேலை பீரோவில் உறங்கும். வயதானவர்கள் தையற்கடைக்கு நடந்து, அளவு கொடுத்து, மறுபடி போய் வாங்கிவருவதற்குள் பொங்கலே வந்துவிடும். என் மாமியாருக்கு நான் செய்தது இது: அவருக்கு நன்றாகப் பொருந்தும் ரவிக்கை எது என்று துவைக்கும்போதே பார்த்து வைத்துக்கொண்டேன். அதைச் சத்தமில்லாமல் அளவு ரவிக்கையாகத் தையற்காரம்மாவிடம் கொடுத்து, மறுநாளே திரும்ப வாங்கிக் கொடியில் போட்டுவிட்டேன். சேலையோடு வந்த துணியிலேயே ரவிக்கை, ஓரம் அடித்து ஃபால்ஸ் தைத்த சேலை, அதே நிறத்தில் உள்பாவாடை. மூன்றையும் சேர்த்து மடித்துக் கொடுத்தபோது, "கை நீளம்கூடச் சரியா இருக்கே, எப்படித் தெரியும்?" என்றுதான் முதலில் கேட்டார். சேலையின் விலையை அவர் கேட்கவே இல்லை. தையற்கூலியைச் சேர்த்தாலும் ஒருவருக்கு 850 ரூபாயில் முடித்துவிடலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பண்டிகைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பெரும்பாலான தையற்கடைகளில் புதுத் துணி வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். புரட்டாசி பிறப்பதற்குள் துணி தையற்காரர் கையில் இருக்க வேண்டும்.

துணியை எப்போது, எங்கே வாங்குவது? ஆடித் தள்ளுபடியில் எல்லாவற்றையும் அள்ள வேண்டாம். பிள்ளைகளின் துணி, நைட்டி, உள்ளாடை, துண்டு, போர்வை இவற்றுக்கு ஆடி நல்ல காலம். கைத்தறி வேட்டி என்றால் பொறுத்திருங்கள். 1935-ல் தொடங்கிய கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸ் தீபாவளிக் காலத்தில் 30 சதவீதம் வரை தள்ளுபடி தருவது வழக்கம். அங்கே வாங்கும் பணம் நெசவாளர் வீட்டுத் தீபாவளிக்கும் போய்ச் சேரும் என்பதால் எனக்கு அதில் கூடுதல் பிரியம்.

ஈரோடு, நாமக்கல், கரூர், திருப்பூர் பக்கம் இருப்பவர் என்றால் எங்கள் ஊர் ஜவுளிச் சந்தைக்கு வாருங்கள். திங்கட்கிழமை மாலையில் தொடங்கி இரவெல்லாம் நடந்து செவ்வாய்க்கிழமை வரை நீளும் சந்தை இது. கேரளம், கர்நாடகம், ஆந்திரத்திலிருந்து மொத்த வியாபாரிகள் வருவார்கள். திங்கள் இரவு அவர்களுக்கானது, கட்டுக் கட்டாகத்தான் பேசுவார்கள். செவ்வாய் பகலில் சில்லறைக்கும் கொடுப்பவர்கள் உண்டு. கட்டாகத்தான் தருவேன் என்றால் அக்கம்பக்கத்தில் இரண்டு குடும்பம் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். வாங்கும் முன் சாயத்தைப் பாருங்கள்: வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் துணியின் உள்மூலையில் அழுத்தித் தேயுங்கள், நிறம் ஏறினால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். ரவிக்கைக்கு 80 சென்டிமீட்டர், உடம்பு கனத்தவருக்கு ஒரு மீட்டர். 58 அங்குல அகலத் துணியில் முழுக்கைச் சட்டைக்கு 1.60 மீட்டர். இது தெரிந்திருந்தால் அரை மீட்டர் அதிகம் வெட்டித் தலையில் கட்ட முடியாது.

நாத்தனார் விஷயம் பணத்தைவிடப் பேச்சில் தீர வேண்டியது. பிறந்த வீட்டுச் சீர் என்பதால் அதில் மரியாதை கலந்திருக்கிறது. "இந்த வருஷம் பெரியவர்களுக்குள் துணி வேண்டாம், குழந்தைகளுக்கு மட்டும் எடுப்போம்" என்று முன்கூட்டியே பேசிவிடலாம். இதை உங்கள் கணவர்தான் தன் தங்கையிடம் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் அண்ணி தடுத்துவிட்டாள் என்றாகும். அவரும் உங்களுக்கு எடுக்கக் கடனை உடனை வாங்கிக்கொண்டிருக்கலாம், கேட்டதும் அவருக்கே மூச்சு வரும். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், பூ, பழம், குழந்தைக்குத் துணி, தம்பதிக்குச் சென்னிமலைப் போர்வை ஒன்று. மாமனார் மாமியார் கையால் கொடுக்கச் சொல்லுங்கள், சீர் நிறைந்துவிடும். குழந்தைத் துணியை இன்றைய அளவுக்கு எடுக்காதீர்கள், மூன்று மாதத்தில் இன்னோர் அளவு வளர்ந்திருக்கும்.

அவருக்கென்று செலவில்லாத பரிசு ஒன்றும் இருக்கிறது. கைக்குழந்தைக்காரி முழு இரவு தூங்கி எத்தனை காலம் ஆகியிருக்கும்! அவர் தங்கும் நாட்களில் பால் கொடுக்கும் நேரம் தவிர மற்ற நேரத்தில் குழந்தையை நீங்களும் கணவரும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். வந்த அன்றே அதைச் சொல்லிவிடுங்கள்.

மகனுக்கு நீங்கள் தேர்ந்தெடுக்க முயல வேண்டாம். அந்த வயதில் அம்மா எடுத்த சட்டை பிடிக்காது. 1,000 ரூபாயை அவனிடம் சொல்லி, துணியும் பட்டாசும் இதற்குள், எப்படிப் பிரிப்பது என்பது உன் விருப்பம் என்று விட்டுவிடுங்கள். விலை கேட்பதற்கும் ஒப்பிடுவதற்கும் அவன் தானாகப் பழகுவான்.

மகளுக்கு உங்கள் பழைய பட்டுச் சேலை ஒன்றில் பாவாடை சட்டை தைத்துவிடலாம். உடல் நைந்திருந்தாலும் ஜரிகைக் கரையும் முந்தானையும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பாவாடையில் இரண்டு மடிப்பு உள்ளே வைத்துத் தைக்கச் சொன்னால் வளர வளரப் பிரித்துவிடலாம். தையற்கூலி 300, 400 ரூபாய்தான் ஆகும். அவளுக்கு நேஷனல் புக் டிரஸ்ட் குழந்தை நூல்கள் ஒன்றிரண்டும், அருகிலுள்ள அரசு நூலகத்தில் அவள் பெயரில் உறுப்பினர் அட்டையும் எடுத்துக் கொடுங்கள். புத்தகத் திருவிழாவில் வாங்கினால் 10 சதவீதக் கழிவு உண்டு, எங்கள் ஊர்த் திருவிழா ஆடி ஆவணி வாக்கில்தான் நடக்கிறது. மகளுக்கு இன்னும் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கவில்லை என்றால் 10 வயதுக்குள் அஞ்சலகத்தில் தொடங்கிவிடுங்கள், ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய் போட்டால் போதும். தாத்தா பாட்டி கையால் அந்த 250-ஐக் கட்டச் சொன்னால் அது அவர்கள் தரும் பரிசாகவும் ஆகிவிடும்.

எல்லோருக்கும் பொதுவாக வீட்டில் செய்த ஒன்றைக் கொடுக்க ஆசை இருந்தால், இனிப்பைவிடத் தீபாவளி லேகியம் செய்யுங்கள். நாட்டு மருந்துக் கடையில் தீபாவளி மருந்துச் சாமான் என்று கேட்டால் சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம், கொத்தமல்லி விதை எல்லாம் கட்டிக் கொடுப்பார்கள். இடித்து ஊறவைத்து விழுதாக அரைத்து, வெல்லப்பாகில் போட்டுச் சிறு தீயில் கிளற வேண்டும். நெய்யும் நல்லெண்ணெயும் விட விட முதலில் உள்ளே இழுத்துக்கொள்ளும். பின்னர் கருத்துச் சுருண்டு, ஓரத்தில் எண்ணெயைக் கக்கும். அதுதான் பதம். ஆறிய பிறகு தேன். ஊறுகாய் பாட்டில்களைக் கழுவி வெயிலில் காயவைத்து அதில் நிரப்பி, பெயரெழுதி ஒட்டிக் கொடுங்கள். நாத்தனாரின் கணவருக்கும் உங்கள் அம்மாவுக்கும் இனிப்பு பெட்டி எங்கிருந்தாவது வந்துவிடும், லேகியத்தை இப்போது யார் கிண்டித் தருகிறார்கள்? கைக்குழந்தைக்கு மட்டும் நாக்கில் தடவக்கூட வேண்டாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆகாது.

உங்கள் பட்டியலில் நீங்களும் கணவரும் இல்லை. கூட்டிப் பாருங்கள்: அம்மா, மாமியாருக்கு 1,700, கண்ணாடிக்கு 700, மகனுக்கு 1,000, மகளுக்குத் தையலும் நூலும் கணக்கும் சேர்த்து 800, சீருக்கு 800. மிச்சம் 500. அதில் லேகியச் சாமான் போக நிற்பது உங்கள் இருவருக்கும். தொகை சின்னதுதான், ஆனாலும் அதை வேறு எதற்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இதற்கு மேல் ஒரு ரூபாயும் கடன் வேண்டாம். தோட்டை அடகு வைத்து எடுத்த பட்டுச் சேலையை அம்மா எப்படி மகிழ்ந்து உடுத்துவார்? தெருவில் பிடிக்கும் தீபாவளிச் சீட்டிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு பெறாத சீட்டில் பணம் போனால் திரும்ப வாங்குவது பெரும்பாடு. அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்தாண்டுக்கானது, தீபாவளிக்கு ஒத்துவராது. வங்கியில் ஓராண்டுத் தொடர் வைப்பு தொடங்குங்கள். இப்போதே மாதம் 600 ரூபாயில் ஆரம்பித்தால், அடுத்த ஆண்டு பண்டிகைக்கு முன்பே 7,200 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும்.