காட்டில் மேயும் மாடு கண்டதையும் தின்னுமா?

காட்டில் அவிழ்த்துவிட்ட மாடு புல் மட்டும்தான் தின்னுமா, கண்டதையும் மேய்ந்து மரங்களை அழித்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் மாட்டைக் கட்டுத்தறியில் மட்டுமே பார்த்தவர் என்று நினைக்கிறேன். தொட்டியில் கொட்டியதைத் தின்னும் மாட்டைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

12 வயதில் ஓராண்டு என் படிப்பு நின்றது. தாத்தாவின் 7 மாடுகளுக்குப் பின்னால் காட்டுக்குப் போனேன். முதல் நாளே அவமானம். முழங்கால் உயரத்துக்குக் கரும்பச்சையாக நின்ற புல்லைக் கண்டு, செவலை என்ற சிவப்பு மாட்டை அங்கே விரட்டினேன். அது மோந்து பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்த கட்டைப் புல்லுக்குத் திரும்பியது. மூன்று முறை விரட்டினேன். “புல்லை விலக்கிப் பாருடா” என்றார் தாத்தா. அடியில் பழைய சாணி. சாணி விழுந்த இடத்தில் புல் செழிக்கும். ஆனால் வாடை போகும்வரை மாடு வாய் வைக்காது.

மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது. நாக்கை வளைத்துப் புல்லைச் சுருட்டி, கீழ்ப்பல்லுக்கும் மேல் ஈறுக்கும் நடுவே கவ்வி, தலையை ஒரு வெட்டு வெட்டும். ‘சரக்’ என்ற அந்தச் சத்தத்தை வைத்தே, மேய்கிறதா சும்மா நிற்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆட்டைப்போல உதட்டால் இலை பொறுக்க அதற்கு வராது.

புல் இருக்கும்வரை பெரும்பாலும் புல்தான். போகிற போக்கில் ஒரு வாய் தழை, அவ்வளவே. புல் காய்ந்த பிறகுதான் எட்டிய உயரத்துத் தளிர், உதிர்ந்த சருகு, வேல மரத்தடியில் விழுந்த காய் எல்லாம். காய் விழும் காலத்தில் செவலை விடிந்ததும் நேரே அந்த மரத்தடிக்கே போய்விடும். அடுத்த மழைக்கு அது போட்ட சாணியில் வேலங்கன்று முளைத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

காலையிலும் பொழுது சாயும்போதும் வேகமாக மேயும், உச்சியில் நிழலில் படுத்து அசைபோடும். மேய்ச்சல் ஒரு நாளைக்குச் சுமார் 8 மணி நேரம். அசைபோடுவதும் ஏறக்குறைய அவ்வளவே.

ஒரு நாள் செவலை எலும்பு மென்றுகொண்டிருந்தது. பேய் பிடித்துவிட்டதென்று ஓடினேன். மேய்ச்சலில் பாஸ்பரஸ் குறைந்தால் மாடு எலும்பைத் தேடும், செத்த பிராணியின் எலும்பில் நஞ்சிருந்தால் உயிரே போகும் என்று பல ஆண்டுகள் கழித்து ஒரு கால்நடை மருத்துவர் விளக்கினார்.

உடனே ‘மாட்டை விட்டால் காடே மொட்டை’ என்று சிலர் வருவார்கள். மறுக்கவில்லை. மந்தை பெருத்தால் மரக்கன்றுகளைக் கடித்தும் மிதித்தும் தீர்த்துவிடும். நான் பேசுவது 7 மாட்டைப் பற்றி, 700 மாட்டைப் பற்றி அல்ல. மாட்டுக்கு எல்லாம் தெரியும் என்றும் சொல்லவில்லை. உண்ணிச்செடி ஈரலைக் கெடுக்கும், ஈரல் கெட்டால் தோல் வெயில் தாங்காது. எங்கள் மாடுகள் அதை ஒதுக்கின. புதிதாக வாங்கி வந்த காளை பசியில் தின்றுவிட்டு, வெயில் பட்ட இடமெல்லாம் தோல் வெடித்துக் கிடந்தது.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். மறு ஆண்டு பள்ளிக்குத் திரும்பியபோது ஒரு கணக்கு தவறியது. “நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு” என்றார் ஆசிரியர். வகுப்பே சிரித்தது. அவரை ஒரே ஒரு நாள் செவலைக்குப் பின்னால் அனுப்பியிருக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் 7 மாட்டையும் தொலைத்துவிட்டு வந்து நின்றிருப்பார்.